கிளிநொச்சி நகரத்தை விட வயசான ஒரு சட்டம்

வடக்கு ரயில்பாதை வன்னிக் காட்டுக்குள்ளால யாழ்ப்பாணம் போனது 1905 இல். குடியேற்றத் திட்டத்தோடு கிளிநொச்சி ஒரு பட்டணமாக எழும்பினது 1936 இல். ஆனால் இண்டைக்கு அந்தப் பட்டணத்தில் இருக்கிற ஒரு பெண், தன் வயிற்றில் வளரும் கருவைப் பற்றி என்ன முடிவெடுக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிற சட்டம் இரண்டுக்கும் முந்தினது. அது 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. எழுதினவர்கள் பிரித்தானிய ஆட்சியின் ஆண்கள். இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 1931 இல்தான். அதாவது, இந்தச் சட்டம் யாருடைய உடம்பைப் பற்றிப் பேசுதோ, அவர்களில் ஒருத்தியிடமும் அது கேட்டு எழுதப்படவில்லை.

140 வருசத்துக்கு மேலாச்சு. இன்னும் அதே சட்டம்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

303 முதல் 307 வரையான பிரிவுகள் கருக்கலைப்பைப் பற்றியவை. தாயின் உயிரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தோடு செய்தால் மட்டும் குற்றமில்லை. மற்ற எல்லாச் சந்தர்ப்பத்திலும் மூன்று வருசம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். வயிற்றில் பிள்ளை துடிக்கத் தொடங்கின பிறகு என்றால் ஏழு வருசம் வரை சிறை. கலைத்துவிட்டவருக்கு மட்டுமில்லை, தானாகவே கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் இது பொருந்தும்.

'உயிரைக் காப்பாற்ற' என்ற சொல்லைக் கவனியுங்கோ. உடல்நலத்துக்காக என்று சட்டம் சொல்லவில்லை. வல்லுறவால் வந்த கர்ப்பத்துக்கு விலக்கில்லை. அப்பனாலோ மாமனாலோ கர்ப்பமான 13 வயசுப் பிள்ளைக்கு விலக்கில்லை. மூளையும் மண்டையோடும் வளராத சிசு, பிறந்தாலும் தங்காது என்று ஸ்கானில் தெரிந்த பிறகும் விலக்கில்லை. அந்தத் தாய் மிச்ச மாசங்களையும் சுமக்க வேணும். பஸ்ஸில் பக்கத்து சீற்றில் இருக்கிறவர் 'எத்தினை மாசம் பிள்ளை?' என்று கேட்டால் பதிலும் சொல்ல வேணும்.

கடலின் இரண்டு பக்கம்

இந்தச் சட்டம் 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. கருக்கலைப்புப் பிரிவுகளும் கிட்டத்தட்ட அப்படியே. ஆக, ஒரு காலத்தில் தலைமன்னாரில் இருந்த பெண்ணுக்கும் தனுஷ்கோடியில் இருந்த பெண்ணுக்கும் ஒரே விதிதான்.

பிறகு பாதைகள் பிரிந்தன. பிரித்தானியா தன் நாட்டுப் பெண்களுக்கான சட்டத்தை 1967 இல் தளர்த்தியது. இந்தியா 1971 இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2021 இல் அதைத் திருத்தி, வல்லுறவுக்கு ஆளானவர்கள் போன்ற சில பிரிவினருக்கு 24 வாரம் வரை நீட்டியது. மணமாகாத பெண்ணை இதிலிருந்து ஒதுக்க ஏலாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2022 செப்ரெம்பரில் தீர்ப்பளித்தது. சட்டம் எழுதின பிரித்தானியாவும் விட்டிட்டுது, மூலப்பிரதி வைத்திருந்த இந்தியாவும் விட்டிட்டுது. பிரதி எடுத்த நாங்கள் மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

1995: பாதி வழியில் நின்ற திருத்தம்

மாற்ற முயற்சி நடக்கவில்லை என்று சொல்ல ஏலாது. 1995 இல் ஜீ.எல். பீரிஸ் நீதி அமைச்சராக இருந்தபோது வந்த தண்டனைச் சட்டத் திருத்தத்தில், வல்லுறவு, தகாத உறவு, கடுமையான சிசுக் குறைபாடு ஆகிய சந்தர்ப்பங்களில் கருக்கலைப்பை அனுமதிக்கும் ஒரு பகுதி இருந்தது. எதிர்ப்பு வந்ததும் அந்தப் பகுதி மட்டும் விலக்கப்பட்டது. மிச்சம் நிறைவேறி 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டமானது.

அந்த மிச்சத்தில் என்ன இருந்தது தெரியுமோ? 16 வயசுக்குக் குறைந்த பெண்பிள்ளையோடு உடலுறவு கொள்வது வல்லுறவு என்ற விதியும், இரத்த உறவுக்குள் நடக்கும் தகாத உறவைத் தனிக் குற்றமாக்கிய விதியும். அரசு ஒரு கையால் 'உனக்கு நடந்தது பெரிய குற்றம்' என்று அந்தப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தது. மற்றக் கையால் 'ஆனாலும் நீ பெறத்தான் வேணும்' என்று எழுதியது. இரண்டும் ஒரே சட்டக்கோவைக்குள் இன்று வரை இருக்கு.

2017 இல் நீதியரசர் புவனேக அலுவிஹாரே தலைமையிலான குழு திரும்பவும் இதே மாதிரியான வரையறுத்த சந்தர்ப்பங்களைப் பரிந்துரைத்தது. மதத் தலைமைகள் எதிர்த்தன. அதுவும் கிடப்புக்குப் போனது.

தடையால் நின்றதா?

இல்லை. 1990களின் கடைசி நிலவரத்தை வைத்துச் செய்யப்பட்ட ஒரு மதிப்பீட்டின்படி, நாட்டில் நாளொன்றுக்கு 650 அளவில் கருக்கலைப்புகள் நடந்தன. ஒளித்துச் செய்யும் விசயத்தை எண்ணுவது கஷ்டம், ஆகவே இது மதிப்பீடுதான். ஆனால் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் இன்னொன்று இருக்கு: இப்படிப் போகிறவர்களில் பெரும்பாலானோர் கலியாணம் கட்டினவர்கள், ஏற்கனவே பிள்ளைகள் உள்ள தாய்மார். 'கம்பஸ் போய்க் கெட்டுப்போன பெட்டைகள்' என்று ஊரில் கட்டுகிற கதைக்கும் இதுக்கும் நல்ல தூரம்.

1940களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது முப்பது அளவில். இலவச வைத்தியமும் வீடு வீடாக வரும் மருத்துவமாதும் செய்த வேலை அது. அப்படிப்பட்ட நாட்டில், பாதுகாப்பில்லாத கருக்கலைப்பு இன்னமும் தாய் மரணங்களின் முக்கிய காரணங்களில் ஒன்றாக இருக்கிறது. சுத்தமில்லாத கருவி, கருப்பையில் ஓட்டை, நிற்காத இரத்தம், உடம்பு முழுக்கப் பரவும் கிருமி. தப்பினாலும் பிறகு பிள்ளைப்பாக்கியமே இல்லாமல் போகலாம். இத்தனைக்கும் முறையான மருத்துவக் கண்காணிப்பில் செய்யப்படும் கருக்கலைப்பு ஆபத்து மிகக் குறைந்த சிகிச்சை. அதுக்கான மாத்திரைகள் 2005 இலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. இங்கே அவை கள்ளச்சந்தையில், எத்தனை போட வேணும், எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓட வேணும் என்ற விளக்கம் இல்லாமல் கைமாறுகின்றன.

ஒப்பீட்டளவில் பாதுகாப்பாக இயங்கிய சில கிளினிக்குகளும் 2007 அளவில் பொலிஸ் நடவடிக்கைகளோடு சேவையை நிறுத்தின. கிளினிக் மூடுப்பட்டதே தவிர, தேவை குறையவில்லை.

வன்னியில் இது என்ன மாதிரி?

சட்டம் எல்லாருக்கும் ஒன்று. விலை ஒன்றில்லை. காசுள்ள குடும்பம் விமானம் ஏறி இந்தியா போகும், சட்டப்படி சிகிச்சை எடுத்திட்டுத் திரும்பும். முல்லைத்தீவுக் கரையோரக் கிராமத்தில் கூலி வேலை செய்கிற ஒருத்தியை நினைச்சுப் பாருங்கோ. யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல், கொழும்பு முந்நூறுக்கு மேல். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அவளுக்கு எட்டுவது பப்பாசியும் அன்னாசியும் எள்ளும் பற்றி அக்கம்பக்கம் சொல்லும் கைவைத்தியம்தான். அது சரிவராட்டி, அடுத்தது என்ன கருவி, யார் கை என்பது அவளுடைய அதிர்ஷ்டம்.

இதுக்கு மேல் யுத்தம் வைத்துவிட்டுப் போன கணக்கும் இருக்கு. 2008 செப்ரெம்பரில் தொண்டு நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டன. அடுத்த மாதங்களில் கிளிநொச்சி வைத்தியசாலை தர்மபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று சனத்தோட சனமாக இடம்பெயர்ந்தது. கர்ப்பிணிகள் பங்கருக்குள் இருந்தார்கள். பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். அது மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். வடக்கு கிழக்கில் 89,000 யுத்த விதவைகள் இருப்பதாக 2010 இல் பிரதி அமைச்சராக இருந்த ஹிஸ்புல்லா சொன்னார். பெண்கள் தனியாகக் குடும்பம் நடத்துகிற வீடுகள், சுற்றிவர இராணுவ முகாம்கள். இப்படியான இடத்தில் புருசன் இல்லாத ஒருத்திக்கு வயிறு வந்தால், அது விருப்பத்தோடு வந்ததோ பலாத்காரத்தால் வந்ததோ என்று ஊர் கேட்காது. சட்டமும் கேட்காது. இரண்டும் அவளைத்தான் பார்க்கும்.

வேரவில், 2013

இந்த இடத்தில் ஒரு எதிர்ப்பக்கச் சம்பவத்தைச் சொல்லாமல் விட ஏலாது. 2013 ஆகஸ்ட் 31 அன்று பூநகரிப் பக்கம் வேரவில், வலைப்பாடு, கிராஞ்சி ஆகிய மூன்று கிராமங்களின் தாய்மார் பிள்ளைகளோட கிளினிக்குக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே தோலுக்குக் கீழே வைக்கும், ஐந்து வருசம் வேலை செய்யும் கருத்தடைக் குச்சி அவர்களுடைய கைகளில் வைக்கப்பட்டது. சரியான விளக்கம் தரப்படவில்லை, போடாட்டி பிறகு ஆஸ்பத்திரியில் வைத்தியம் கிடைக்காது என்று மிரட்டப்பட்டோம் என்று பெண்கள் சொன்னதை 'சோஷல் ஆர்க்கிடெக்ட்ஸ்' என்ற அமைப்பு அறிக்கையாக வெளியிட்டது. கட்டாயம் எதுவும் இல்லை என்று அரச தரப்பு மறுத்தது.

அந்தக் கருத்தடைக் குச்சி கெட்ட பொருள் இல்லை. உலகம் முழுக்கப் பெண்கள் விரும்பிப் போடுகிறார்கள். கேள்வி 'விரும்பி' என்ற சொல்லில்தான் இருக்கு. அந்த நேரம் தமிழ்ச் சமூகத்தில் நிறையப் பேர் கோபப்பட்டார்கள், நியாயமான கோபம். ஆனால் பெரும்பாலும் 'எங்கட இனத்தைக் குறைக்கிறாங்கள்' என்றுதான் கதைத்தோம். 'அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லையே' என்று கதைத்தவர்கள் குறைவு. பெறாதே என்று கட்டாயப்படுத்துவது அநியாயம் என்றால், பெறு என்று கட்டாயப்படுத்துவதும் அதே அநியாயம்தானே. வேரவிலையும் 303 ஆம் பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ: இரண்டிலும் முடிவெடுக்கிறவர் வேறு ஆள், சுமக்கிறவள் அவள்.

வெளியே நடந்தவை

ருமேனியாவில் சௌசெஸ்குவின் அரசு 1966 இல் சனத்தொகையைக் கூட்டுவதற்காகக் கருக்கலைப்பைத் தடை செய்தது. தடை இருந்த காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் கள்ளக் கருக்கலைப்பால் செத்தார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் தடை போனது, அடுத்த வருசமே தாய் மரண வீதம் பாதியளவுக்கு விழுந்தது.

'உயிருக்கு ஆபத்தென்றால் சட்டம் விடுதுதானே' என்பவர்களுக்கு அயர்லாந்தைச் சொல்லலாம். அங்கேயும் அந்த விலக்கு இருந்தது. கர்நாடகாவைச் சேர்ந்த பல் வைத்தியர் சவிதா ஹலப்பனவர் 2012 ஒக்ரோபரில் 17 வாரக் கர்ப்பத்தோடு வைத்தியசாலைக்குப் போனார். கரு தங்காது என்று தெரிந்தும், சிசுவின் இதயம் துடிக்கிறது என்று கலைக்க மறுக்கப்பட்டது. இரத்தத்தில் கிருமி பரவி 31 வயசில் இறந்தார். உயிருக்கு ஆபத்து எந்த நிமிசத்தில் தொடங்குது என்று சட்டப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தால் பிந்திவிடும். 2018 மே மாதம் அயர்லாந்து மக்கள் 66 வீதத்துக்கு மேல் வாக்களித்து அந்தத் தடையை நீக்கினார்கள். கத்தோலிக்கம் ஆழமாக வேரூன்றிய நாடு அது.

நாங்கள் என்ன செய்யலாம்?

கருவும் உயிர்தானே என்று மனதார நம்புகிறவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். என் வீட்டிலும்தான். அந்த நம்பிக்கையோடு ஒருத்தி பெற முடிவெடுத்தால் அவளுக்குத் துணை நிற்க வேணும். ஆனால் ஒருத்தியின் நம்பிக்கையை இன்னொருத்திக்கு மூன்று வருசச் சிறையாக எழுதி வைப்பது வேறு விசயம்.

சட்டம் மாறுகிற வரைக்கும் ஒரு தகவலையாவது பரப்புங்கோ. கருக்கலைந்த பிறகு காய்ச்சலோ, கடும் இரத்தப்போக்கோ, வயிற்று வலியோ வந்தால், அது எப்படிக் கலைந்திருந்தாலும், அரச வைத்தியசாலையில் சிகிச்சை பெற அவளுக்கு உரிமை இருக்கு. அதுக்கென்றே சுகாதார அமைச்சின் வழிகாட்டலும் இருக்கு. பொலிசுக்குப் பயந்து வீட்டில் படுத்திருக்கிற ஒவ்வொரு மணித்தியாலமும்தான் பெண்களைக் கொல்லுது. உங்கட அக்காவோ, மச்சாளோ, கூடப் படிக்கிறவளோ உங்களிடம் வந்து சொன்னால், 'யார் அவன்?' என்று முதல் கேட்காதையுங்கோ. 'இப்ப உடம்பு என்ன மாதிரி இருக்கு?' என்று கேளுங்கோ. 1883 இலிருந்து அவளிடம் இந்தச் சட்டம் கேட்காத கேள்வி அது.