கேளிக்கைப் பூங்காவும் குடியாட்சியும்

மக்களின் பொழுதுபோக்கு வரலாற்றாசிரியரின் கவனத்தை அரிதாகவே பெறுகின்றது. போரும் அரசுரிமையும் பதிவாகும் ஏடுகளில், ஒரு குடும்பம் பூங்காவிற் கழித்த விடுமுறை நாளுக்கு இடமில்லை. எனினும் டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் அமைந்த ரிவோலிப் பூங்காவின் வரலாறு இவ்விடத்து நோக்கத்தக்கது.

1843 இல் அந்நாட்டில் முழுமுடியாட்சி நிலவியது. யோர்ஜ் கார்ஸ்ரென்சன் என்பார் எட்டாம் கிறிஸ்ரியன் மன்னனிடம் ஐந்தாண்டு உரிமம் பெற்று, நகரவாயிலுக்கு வெளியே பூங்காவை நிறுவினார். களித்திருக்கும் மக்கள் அரசியலை எண்ணார் என அவர் மன்னனுக்கு எடுத்துரைத்ததாகக் கூறுவர். நிலம் நகரின் அரண்காப்புப் பகுதியைச் சார்ந்தது. ஆதலின் போர் மூளின் விரைவில் அகற்றத்தக்க மரக் கட்டடங்களே அங்கு எழுந்தன.

அவ்வாண்டு ஓகஸ்ட் 15 ஆம் நாள் பூங்கா திறக்கப்பட்டது. சிறுவர்க்குக் குதிரை ராட்டினமும் சறுக்கு வண்டியும் இருந்தன. பெரியோர் ஹான்ஸ் கிறிஸ்ரியன் லும்பியின் வாத்தியக்குழு வழங்கிய நடன இசையைக் கேட்டனர். இருள் சூழ்ந்ததும் வண்ண விளக்குகள் ஒளிர்ந்தன. செல்வத்தாலும் தொழிலாலும் பிரிந்து வாழ்ந்தோர் நுழைவுக் கட்டணம் செலுத்தி ஒரே பாதையில் உலாவினர்.

இதே கார்ஸ்ரென்சன் குளிர்காலக் கேளிக்கைக்கெனத் தொடங்கிய கசினோ மண்டபம் 1847 இல் திறக்கப்பட்டது. 1848 மார்ச் 20 ஆம் நாள் அங்கே திரண்டோர் புதிய ஆட்சியைக் கோரினர். மறுநாள் பெருந்திரளானோர் அரண்மனை நோக்கிச் சென்றனர். அவ்வாண்டு சனவரியில் அரியணையேறியிருந்த ஏழாம் பிரெடெரிக் இணங்கினான். 1849 யூன் 5 இல் அரசியல் யாப்பில் ஒப்பமிட்டான். இம்மாற்றத்துக்குத் தாராண்மைக் கருத்துக்களும், சிலேஸ்விக் பிரச்சினையும், ஐரோப்பாவெங்கும் எழுந்த கிளர்ச்சிகளுமே காரணங்களாம். ஆயினும் மக்கள் கூடுவதற்கு ஓரிடம் வேண்டும். அரசியலை மறக்கச் செய்யுமென நம்பப்பட்ட கேளிக்கையே அவ்விடத்தை அமைத்துக் கொடுத்தமை மனங்கொளத்தக்கது.

ரிவோலி மக்களின் உடைமையாகக் கருதப்பட்டமைக்குப் பிறிதொரு சான்றும் உண்டு. ஜேர்மன் ஆக்கிரமிப்பின்போது, எதிர்ப்பியக்கத்தின் செயல்களுக்குப் பழிவாங்கும் முகமாக, நாசிகளுக்குத் துணைநின்ற டேனியர் 1944 யூனில் அதன் இசைமண்டபம் முதலானவற்றை அழித்தனர். மக்கள் நேசித்த இடமாதலாலேயே அது இலக்காயிற்று. எனினும் சில வாரங்களிற் பூங்கா மீண்டும் திறக்கப்பட்டது.

மக்களைத் திசைதிருப்ப ஆள்வோர் கேளிக்கையை வழங்கலாம். ஆனால் அங்கு கூடும் மக்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்வதைத் தடுக்க அவர்களால் இயலாது. டென்மார்க்கின் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவே.