உப்புத் தின்ற வளைவு

இரவு வேலை முடிந்து புட்னி பிறிட்ஜ் ஸ்ரேசனுக்கு நடக்கிற வழியில், நியூ கிங்ஸ் றோட்டில், ஒரு செங்கற் சூளை நிற்கிறது. போத்தல் வடிவம், கீழே பருத்து, மேலே கழுத்து ஒடுங்கியது. முதல் மாதங்களில் அதை யாரோ இடிக்க மறந்த புகைபோக்கி என்றே நினைத்திருந்தேன். குசினியில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்றவனுக்குச் சரித்திரம் பார்க்கக் கண் இருப்பதில்லை.

அது 19ஆம் நூற்றாண்டுச் சூளை. அந்த நிலத்தின் கதை அதற்கும் முந்தியது. 1672இல் ஜோன் டுவைற் என்பவர் கல்லுப் போல இறுகச் சுட்ட மட்பாண்டம் செய்வதற்கு அரச உரிமைப்பத்திரம் பெற்று, இங்கே புல்ஹாமில் தொழில் தொடங்கினார். அதுவரை அந்த வகைக் குடுவைகள் ரைன் நதிக்கரையிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தன.

எங்கள் ஊர்க் குயவர்களுக்கு வளைவு தேவைப்பட்டதில்லை. சட்டி பானைகளை அடுக்கி, விறகும் வைக்கோலும் போட்டு, மேலே சேறு பூசிக் கொளுத்தினால் போதும். ஆயிரம் பாகை எட்டாத சூட்டிலேயே பானை வெந்துவிடும். டுவைற்றின் பாண்டத்துக்கு 1200 பாகைக்கு மேல் வேண்டும். நெருப்பை மூடிப் பிடிக்காமல் அந்தச் சூடு ஏறாது. மூடுவதற்கு மரம் வைத்தால் எரியும், இரும்பு வைத்தால் வளையும். செங்கல்லைத்தான், கீழே ஒரு தாங்கலும் இல்லாமல், அந்தரத்தில் நிறுத்தியாக வேண்டும்.

அதே காலத்து லண்டனில் வளைவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த இன்னொருவர் றொபேட் ஹுக். வளைவின் இரகசியத்தைக் கண்டுவிட்டதாக 1675இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக அச்சிட்டார். விடை 1705இல், அவர் இறந்து இரண்டு வருடத்துக்குப் பின்தான் வெளிவந்தது. விடை இவ்வளவுதான்: முற்றத்துக் கொடிக்கயிறு தொய்ந்து நிற்கிறதே, அந்தத் தொய்வைத் தலைகீழாகப் புரட்டினால் அதுவே கல் வளைவுக்கு ஏற்ற வடிவம். கயிற்றில் இழுவையாக இருந்தது கல்லில் நெருக்குதலாக மாறிவிடும்.

பொறியியல் இரண்டாம் வருடத்தில், வளைவுகளுக்கு வந்த கிழமையோடு என் படிப்பு நின்றது. அது 2008. ஏன் என்பதை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சூளை வளைவு கட்டும் முறை இது. இரண்டு பக்கச் சுவர்களையும் எழுப்பி, அவற்றின் தலையில் சரிவாய் வெட்டிய கல் வரிசையை வைப்பார்கள். நடுவில் வில்லுப் போலப் பலகை அடித்த மரச்சட்டம், ஆப்புகளின் மேல் நிற்கும். அதன்மேல், ஒரு பக்கம் ஒடுங்கிய கற்களை இரு புறமிருந்தும் சமமாக ஏற்றி வரவேண்டும். ஒரு புறம் முந்தினால் சட்டம் சாயும். சாந்து மெல்லிய களிமண் பூச்சு மட்டும்; அது ஒட்டுவதற்கல்ல, இடைவெளி நிரப்ப. கடைசியில் நடுக்கல்லைத் தட்டி இறுக்குவார்கள். பிறகு ஆப்புகளைத் தளர்த்த, சட்டம் விரலளவு இறங்கும். கூடவே வளைவும் இறங்கினால் எல்லாம் போச்சு.

விழ வழியில்லாத கல் பக்கவாட்டில் தள்ளும். எட்டடி அகலத்துக்கு ஓரடி உயரம் கொடுத்தால், வளைவின் முழுப் பாரம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு பலத்தோடு ஒவ்வொரு சுவரையும் வெளியே தள்ளும். உயரத்தை இரண்டடியாக்கினால் தள்ளல் பாதியாகும். (ஓடர் எழுதும் துண்டின் பின்பக்கத்தில் இதைப் போட்டுப் பார்த்தேன். கை மறக்கவில்லை.) ஆகவே சுவர்களை இரும்பால் இறுக்கிக் கட்டுவார்கள். சூடேறக் கற்கள் விரிந்து வளைவு உயரும், ஆற இறங்கும்.

புல்ஹாம் பாண்டங்களின் மினுக்கம் உப்பால் வந்தது. உச்சச் சூட்டில் சாதாரண கறியுப்பை உள்ளே எறிவார்கள். அது ஆவியாகி, அதிலுள்ள சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடியாகப் படியும். பானை எது, வளைவு எது என்று உப்புக்குத் தெரியாது. வளைவிலும் படிந்து, சூட்டுக்குச் சூடு தடித்து, கல்லை அரித்து, கடைசியில் கீழே நிற்கும் பாண்டங்களின் மேல் சொட்டும். பிறகு உடைத்துப் புதிதாய்க் கட்ட வேண்டியதுதான்.

மார்ட்டின் சகோதரர்கள் நால்வர் 1873இல் தொழில் தொடங்கியதும் புல்ஹாமில்தான். 1877இல் சவுத்தோலில், கால்வாய்க் கரையில் கைவிடப்பட்ட ஒரு சவுக்காரத் தொழிற்சாலைக்குப் போனார்கள். நாங்கள் மரக்கறி வாங்கப் போகிற அதே சவுத்தோல். வாலஸ் மனிதப் பார்வை பார்க்கும் பறவை ஜாடிகளைச் செய்தார். எட்வின் மீனும் பூவும் கீறினார். சூளை வால்டரின் பொறுப்பு. சார்ள்ஸ் ஹோல்போனில் கடை நடத்தினார். நல்ல பாண்டங்களை விற்க மனமில்லாமல் பலகைத் தளத்துக்கடியில் ஒளித்து வைத்தார் என்பார்கள். 1903இல் கடை எரிந்தது. சார்ள்ஸ் 1910இல் இறந்தார். கடைசியாக வாலஸ், 1923இல். அந்தப் பறவைகள் இப்போது ஏலத்தில் பல ஆயிரம் பவுணுக்குப் போகின்றன. அடியில் பெயரும் ஊரும் திகதியும் கீறியிருக்கும்.

போன கிழமை, கோப்பை கழுவும் தம்பிக்கு இதையெல்லாம் சொன்னேன். கொடிக்கயிறு அவனுக்கு உடனே விளங்கியது. கொஞ்ச நேரம் கழுவிவிட்டுக் கேட்டான்:

“அண்ணை, அந்த மரத்தை எடுக்கிற நேரம் கீழே நிற்கிறது ஆர்?”

“கட்டின மேசன்தான்” என்றேன். “சட்டத்தை வெளியே இழுக்க ஒரு ஆள் உள்ளே போகத்தானே வேணும்.”