வந்தால் மறதி, வராவிட்டால் தடை: மலபார் மத்தியின் வரலாறு

2012இல் கேரளக் கடற்கரையில் இறங்கிய மத்தி ஏறத்தாழ 3.9 லட்சம் டன். 2021இல் அது 3,297 டன்னாகச் சுருங்கியது. ஒன்பது ஆண்டுகளில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. வேறு எந்த மீனுக்கு இப்படி நேர்ந்திருந்தாலும் அழிவு என்றே எழுதியிருப்போம். மத்தி விஷயத்தில் அப்படி எழுத முடியாது. 1940களிலும் 1994இலும் இதே கரை இதேபோல் வெறிச்சோடியது. இரண்டு முறையும் மீன் திரும்பி வந்தது. இந்தத் திரும்பி வரும் இயல்பே மத்தியின் பலம். அதைக் காக்க வேண்டிய சட்டங்களை ஒவ்வொரு முறையும் நீர்த்துப்போகச் செய்ததும் அதே இயல்புதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நெய்ச்சாளை, பேச்சாளை என்றெல்லாம் நம் கரைகளில் வழங்கும் இம்மீனின் வாழ்நாள் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. ஓராண்டுக்குள் 15 சென்டிமீட்டர் அளவை எட்டி முட்டையிடத் தயாராகிவிடும். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கரையோரக் கடலில் முட்டையிடும். அந்த மாதங்களில்தான் ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலெழும்பி, நுண்பாசிகள் பெருகிக் குஞ்சுகளுக்கு இரையாகின்றன. நீண்ட ஆயுள் கொண்ட மீன்களில் ஒரு மோசமான ஆண்டின் இழப்பைப் பழைய தலைமுறைகள் தாங்கிக்கொள்ளும். மத்திக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த ஆண்டே வலையில் தெரிந்துவிடும். ஒரு பருவம் வாய்த்தால் அதுவும் அப்படியே.

இந்த ஏற்ற இறக்கம் இயந்திரப் படகுகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. பிரான்சிஸ் டே 1865இல் மலபார் மீன்களைப் பற்றிய நூலை வெளியிட்ட காலத்திலேயே மத்தி எண்ணெய் ஒரு வணிகச் சரக்கு. மீன் மிகுந்த ஆண்டுகளில் தென்னைக்கு உரமாகக் கொட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரடெரிக் நிக்கல்சன் சென்னை மாகாண மீன்துறையை உருவாக்கியபோது, மேற்குக் கரையில் எண்ணெயும் மீன் உரமும் தயாரிக்கும் சிறு ஆலைகளை ஊக்குவித்தார். அழுகி நாறிக் கிடந்த மீனைக் காசாக்கியது நல்ல காரியம்தான். ஆனால் அதுவரை உள்ளூர் வயிற்றுக்கும் தோப்புக்கும் போதுமான அளவே பிடித்த இடத்தில், எவ்வளவு பிடித்தாலும் வாங்க ஆள் இருக்கும் நிலை உருவானது. பின்னாளில் மீன்தூள் ஆலைகள் செய்ததும் இதையே.

அத்துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னலும் ராமசாமி நாயுடுவும் 1924இல் மத்தியின் வாழ்க்கை வரலாறு குறித்த முதல் முறையான ஆய்வை வெளியிட்டார்கள். 1940களில் மத்தி ஏறக்குறைய மறைந்தே போனது. அதன் காரணங்களை ஆராய்ந்த தேவநேசனின் அறிக்கை 1943இல் வந்தது. இளம் மீன்களையும் சினை மீன்களையும் கண்மூடித்தனமாகப் பிடிப்பதே கேடு என்ற கருத்து வலுப்பெற, சென்னை அரசு அதே ஆண்டில் சில வகை வலைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. மீன் வரவில்லை. சில ஆண்டுகளில் கட்டுப்பாடும் விலக்கப்பட்டது. கட்டுமரமும் தோணியும் கொண்டு பருத்தி, சணல் வலை வீசியவர்கள் ஒரு பெருங்கடல் மீனை அரிதாக்கியிருக்க முடியுமா என்ற ஐயம் நியாயமானதே. பழி அன்று தவறான இடத்தில் விழுந்தது என்றே கருதுகிறேன். அதன் விளைவு நீண்ட காலம் நின்றது: வலைக்கும் மத்திக்கும் தொடர்பில்லை, எல்லாம் கடலின் விருப்பம் என்று சொல்ல ஒரு முன்னுதாரணம் கிடைத்துவிட்டது.

விடுதலைக்குப் பின் ஆய்வு கடலின் பக்கம் திரும்பியது. 1947இல் தொடங்கப்பட்டு, மண்டபத்தில் பல ஆண்டுகள் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஆண்டுதோறும் கரையிறங்கும் மீனைக் கணக்கெடுத்தது. மத்தி பெருகுவதற்கு அறிகுறியாக ஒரு நுண்பாசியை 1955இல் நாயரும் சுப்பிரமணியனும் அடையாளம் காட்டினர். முட்டையிடும் காலத்து மழைக்கும் அடுத்து வரும் குஞ்சுகளின் எண்ணிக்கைக்கும் உள்ள உறவை ஆன்டனி ராஜா ஆராய்ந்தார். 1990இல் லாங்ஹர்ஸ்ட், வூஸ்டர் இருவரும் கொச்சியின் கடல்மட்டப் பதிவுகளை மத்திப் பிடிப்போடு ஒப்பிட்டு, பருவமழைக்கு முன்பே அடிநீர் மேலெழும்பும் ஆண்டுகளில் இனப்பெருக்கம் தடைபடுவதாகக் கண்டனர். உயிர்வளி குறைந்த அந்த நீர், சினை மீன்களைக் கரையோரத்தை நெருங்கவிடாமல் தடுக்கலாம் என்பது அவர்கள் ஊகம். இந்தியா முழுவதும் 1956இல் வெறும் 7,400 டன்னாக இருந்த மத்தி, 1968இல் 3 லட்சம் டன்னைத் தாண்டியதை வலையைக் கொண்டு விளக்க முடியாது. கடல்தான் விளக்கம்.

ஆனால் 1968இன் கடற்கரை அல்ல 1988இன் கடற்கரை. 1970களின் பிற்பகுதியில் கர்நாடகத்தில் சுருக்குமடிப் படகுகள் வந்து, ஊர் கூடி இழுத்த ரம்பணிக் கரைவலையை ஓரங்கட்டின. 1980களில் கேரளத்தில் அதே வகையின் சிறிய வடிவமான ரிங் சீன் பரவியது. மீன்கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடிக்கயிற்றை இழுத்துப் பை போலச் சுருக்கும் வலை அது. தொடக்கத்தில் சில நூறு மீட்டராக இருந்த அதன் நீளம் இன்று ஆயிரம் மீட்டர் வரை வளர்ந்துவிட்டது. மீன் குறைந்த காலத்தில் வலை சிறுக்கவில்லை. கடனில் வாங்கிய படகு கடலுக்குப் போயே தீர வேண்டும். கேரளத்தில் 1988 முதல் நடப்பிலுள்ள மழைக்காலத் தடையும் இழுவைப் படகுகளுக்கே. பாரம்பரியப் பிரிவில் சேர்க்கப்பட்ட ரிங் சீன் படகுகள், மத்தி முட்டையிடும் அதே மாதங்களில் தொழில் செய்கின்றன.

ஆகவே 1994இன் சரிவையும் 2012க்குப் பிந்தைய சரிவையும் 1940களின் சரிவோடு ஒன்றாக வைக்கக் கூடாது. 2015–16 எல் நினோ இனப்பெருக்கத்தைப் பாதித்ததை ஆய்வு நிலையம் சுட்டியது, மறுக்க ஒன்றுமில்லை. அதற்கு முந்தைய செழிப்பான ஆண்டுகளிலேயே இளம் மத்தி லாரி லாரியாகக் கர்நாடக மீன்தூள் ஆலைகளுக்குப் போனதும் உண்மை. கடல் கைவிட்ட ஆண்டில் தாங்கி நிற்க வேண்டிய சினைக் கூட்டம் முன்பே மெலிந்துவிட்டது. கேரளச் சந்தையை ஓமன் மத்தி நிரப்பியது.

இடையில் மத்தி தன் எல்லையையும் விரித்துக்கொண்டது. மலபார்க் கடலின் மீனாகவே இருந்தது, 1980களின் இறுதியிலிருந்து தமிழகக் கிழக்குக் கரையிலும் பெருமளவு பிடிபடுகிறது. கடல் வெப்பம் கூடியதோடு இதை விவேகானந்தன் முதலிய ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியுமாக உண்ணும் குமரி மாவட்டத்துக்கு இது புதிதல்ல. வடக்கே உள்ள கரைகளுக்குப் புது வரவு. சுருக்குமடி வலையை 2000இல் தமிழக அரசு தடை செய்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால் வாரம் இரு நாள் மட்டும் அனுமதித்தது. இங்கே தடை செய்திருக்கிறோம் என்று பெருமைப்படும் முன், அந்தத் தடையையும் மீறி அந்த வலை எத்தனை ஊர்ச் சண்டைகளை மூட்டியது என்பதையும் நினைக்க வேண்டும்.

2022இல் கேரளத்தில் மத்தி மீண்டும் 1 லட்சம் டன்னைத் தாண்டியது. 2024இல் இளம் மத்தி கரையை நிறைத்து, விலை கிலோ 20, 30 ரூபாய்க்குச் சரிந்தது. கேரளம் 2015இல் வகுத்த விதிப்படி 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது. ஆனால் அது முட்டையிடுவதோ 15 சென்டிமீட்டரை நெருங்கிய பிறகுதான். ஒருமுறைகூட முட்டையிடாத மீனைச் சட்டப்படியே பிடித்து விற்கலாம். மீன் இல்லாத ஆண்டில் தடை போட்டால் அது பட்டினியில் இருப்பவன் மேல் விழும். 1943இல் நடந்தது அது. அளவைத் திருத்தவும் வலையின் நீளத்துக்கு வரம்பு கட்டவும் அரசுகள் மீன் நிறைந்த ஆண்டுகளைத்தான் பயன்படுத்த வேண்டும்.