நம் காட்டுப் புலியின் வம்சாவளி



சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கத்துத் தோட்டங்களில் இருட்டோடு பால் வெட்டப் போன நம் பாட்டிமார், புலியின் பெயரைச் சொல்லவே அஞ்சினார்கள் என்று கேட்டிருக்கிறோம். மலாய்க்காரர்களும் மரியாதையாகப் ‘பாக் பெலாங்’ என்பார்கள். நாட்டுச் சின்னத்திலும் இரண்டு புலிகள் நிற்கின்றன. ஆனால் இப்புலி எந்தக் குலத்தது?

1968-இல் மசாக் என்னும் செக் நாட்டு விலங்கியலாளர் இந்தோசீனப் புலியைத் தனிக் கிளையினமாகப் பிரித்து, ‘கார்பெட்டி’ என்று பெயரிட்டார். நைனித்தாலில் பிறந்த வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் நினைவாக வைத்த பெயர் அது. நம் புலியையும் அக்கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள்.

தோல், மண்டையோடு இவற்றைக் கொண்டே அன்று குலம் பிரித்தார்கள். பின்னர் டி.என்.ஏ. ஆராய்ச்சி வந்தது. அதை நம் தோட்டத்துச் செக்ரோலை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். கிராணியார் நகல் எடுக்கும்போது ‘முனியம்மா’வை ‘முனியமா’ என்று எழுதிவிடுகிறார். அதைப் பார்த்து எழுதுகிறவரும் அப்பிழையையே எழுதுவார். பல ஆண்டுகள் கழித்து எல்லா நகல்களையும் பரப்பிப் பார்த்தால், எது எதிலிருந்து வந்தது என்பதைப் பிழைகளே காட்டிக்கொடுக்கும். உயிரணுவிலுள்ள டி.என்.ஏ.வும் தலைமுறைதோறும் நகலாகிறது. எப்போதாவது ஓர் எழுத்து மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் கங்காருவுக்கும் வல்லபிக்கும் உள்ள உறவை அறிவதும் இவ்வழியில்தான்.

சூ ஜின் லுவோ, ஸ்டீபன் ஓபிரையன் முதலானோர் 134 புலிகளின் இரத்தம், தோல், முடி ஆகியவற்றை ஆராய்ந்தனர். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் டி.என்.ஏ.வையும் பார்த்தனர். தீபகற்பத்துப் புலி, வடக்கே உள்ள இந்தோசீனப் புலியிலிருந்து பிரிந்த தனிக்கிளை என்று 2004-இல் அறிவித்தனர். புலிப் பாதுகாப்புக்கு உழைத்த பீட்டர் ஜாக்சனைப் போற்றி அதற்கு ‘ஜாக்சனி’ என்று பெயரிட்டனர். நம் நாட்டு விலங்குக் காட்சிசாலைச் சங்கத்தார், நாட்டின் பெயர் ஏன் இல்லை என்று ஆட்சேபித்தார்கள். நியாயமான மனக்குறைதான். ஒரு வேட்டைக்காரர் பெயர் போய் இன்னொரு வெளிநாட்டவர் பெயர் வந்தது!

வழக்கு அத்துடன் முடியவில்லை. மண்டையோடுகளையும் தோலையும் ஒப்பிட்டவர்கள் 2006-இல் தெளிவான வேறுபாடு இல்லை என்றார்கள். 2017-இல் உலகப் பூனையின வல்லுநர் குழு, ஆசியப் பெருநிலத்துப் புலிகள் யாவும் ஒரே கிளையினம் என்றது. மறு ஆண்டே 32 புலிகளின் முழு டி.என்.ஏ.வைப் படித்த ஆய்வு, நம் புலி உட்பட ஆறு கிளைகள் உண்டு என்று மீண்டும் காட்டியது.

இது வெறும் பெயர்ச் சண்டை என்று எண்ணிவிடக்கூடாது. எல்லாம் ஒன்றே என்றால், இங்கே புலி அற்றுப்போனாலும் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து விடலாம் என்று ஒருவர் வாதாடலாம். தனிக்குலம் என்றால், போனது போனதுதான். 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பின்படி, நம் காடுகளில் எஞ்சியவை 150-க்கும் குறைவு. அவற்றின் முக்கிய இருப்பிடங்களில் ஒன்று, கிரிக்குக்கு அப்பால் உள்ள நம் பேராக்கின் பெலும் தெமெங்கோர் காடு. அங்கேயும் கண்ணி வைக்கிறார்கள்.