பிரதிநிதியின் இரு வாக்குகள்

தமிழில் 'வாக்கு' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. வாயினின்று எழும் சொல்லும் வாக்கு. தேர்தல் சாவடியில் அளிப்பதும் வாக்கு. சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் நாம் அனுப்புகின்ற பிரதிநிதி இவ்விரண்டையும் நம் பெயரால் வழங்குகிறார். அவையில் எழுந்து பேசுகிறார். தீர்மானம் முடிவுக்கு வரும்போது ஆதரித்தோ எதிர்த்தோ வாக்களிக்கிறார். நாம் அளித்த ஒரு வாக்குக்கு ஈடாக அவர் அளித்த இவ்விரு வாக்குகளையும் பின்னர் நாம் கண்டறிய இயலுமா என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இக்கேள்வி மற்றவர்களைக் காட்டிலும் சற்று நெருக்கமானது. தமிழகத்துச் செய்திகளை ஆவலோடு படிக்கும் நாம், நாம் குடியிருக்கும் தொகுதியின் அங்கத்தினர் என்ன பேசினார் என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆனால் நம் வீட்டுக் குழாயில் வரும் நீரையும், நம் குழந்தைகள் செல்லும் பள்ளியையும் பற்றிப் பேச வேண்டியவர் அவரே. ஆகவே, தமிழர் நெடுங்காலமாகக் குடியேறி வாழும் ஓர் ஊரைக் கொண்டே இதனை ஆராய்வோம். அவ்வூர் கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரி.

இன்று மட்டாஞ்சேரிக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் இடையே எல்லை எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. முன்னாளில் நிலைமை வேறு. போர்ச்சுக்கீசியர் கட்டி அரசருக்கு அளித்த அரண்மனையும், 1568-ஆம் ஆண்டில் எழுந்த யூதர் ஆலயமும், மிளகும் இஞ்சியும் குவிந்த கடைவீதியும் கொண்ட மட்டாஞ்சேரி, கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அதனை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியோ பிரிட்டிஷார் வசமிருந்து, மலையாள ஜில்லாவின் பகுதியாகச் சென்னை மாகாணத்துக்கு உட்பட்டிருந்தது. இன்றும் டோபி கானாவில் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர் வாழ்ந்த ஃபோர்ட் கொச்சிக்குச் சட்டம் இயற்றிய இடம் சென்னை. நடந்து செல்லும் தொலைவிலுள்ள மட்டாஞ்சேரிக்குச் சட்டம் இயற்றிய இடம் எறணாகுளம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி கேரள மாநிலம் அமைந்தபோதுதான் இரண்டும் ஒரே அரசின்கீழ் வந்தன. 1967-இல் கொச்சி மாநகராட்சி தோன்றியதும் நகராட்சியிலும் ஒன்றாயின.

கொச்சி சமஸ்தானம் தன் குடிகளுக்குச் சட்டசபை அளித்ததில் முற்பட்டு நின்றது. 1925-இல் அமைந்த சபையில் 45 அங்கத்தினர். அவர்களில் 30 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், மற்றவர்கள் நியமனம் பெற்றவர்கள். வாக்குரிமை எல்லோருக்கும் இல்லை. சொத்தும் வரியும் அதற்கு அளவுகோலாக இருந்தன. ஆயினும் சர்க்காரை எழுந்து நின்று கேள்வி கேட்கவும், கேட்ட கேள்வி அச்சாகி நிற்கவும் அந்தச் சபை இடம் தந்தது.

மட்டாஞ்சேரியின் யூதர் தெருவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் 1925 முதல் 1931 வரையிலும், பின்னர் 1939 முதல் 1945 வரையிலும் அச்சபையில் அங்கத்தினராக இருந்தார். அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழிவந்தவர் என்பதற்காக, தம் சொந்த ஆலயத்தில் மற்றவர்களோடு சரிசமமாக அமரும் உரிமை மறுக்கப்பட்ட குடும்பம் அவருடையது. அந்த உரிமைக்காக அவர் காந்தியடிகளின் வழியில் சத்தியாக்கிரகம் செய்தார். சபைக்கு வெளியே எறணாகுளத்தில் அவர் பொதுமக்களிடையே பேசி வந்த மேட்டுக்குச் 'சேலம் குன்று' என்றே பெயர் வழங்கிற்று. ஆலயத்தில் இடம் மறுக்கப்பட்டவர் சட்டசபையில் இடம் பெற்றார் என்பது அக்காலத்துக் கொச்சியின் ஒரு பக்கம்.

மறுபக்கம் இன்னும் கடுமையானது. புலையர் சமூகத்தினர் நகரின் பொதுநிலத்தில் கூட்டம் கூட முடியாதிருந்த காரணத்தால், 1913-இல் கொச்சிக் காயலின் நடுவே வள்ளங்களை ஒன்றோடொன்று இணைத்துக் கட்டி, நீரின்மேல் மாநாடு நடத்தினர். நிலத்துக்குத் தீண்டாமை உண்டு. நீருக்கு இல்லை என்று அவர்கள் காட்டினர். இம்முயற்சியில் முன்னின்ற பண்டிதர் கே. பி. கருப்பன் 1925-இல் தாழ்த்தப்பட்டோர் சார்பில் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அதே இயக்கத்தில் வளர்ந்த கே. பி. வள்ளோனும் பின்னர் அச்சபையில் அமர்ந்தார். அதே சமூகத்தைச் சேர்ந்தவர் தாட்சாயணி வேலாயுதன். அவருடைய வாழ்வைக் கொண்டு நம் கேள்விக்கு விடை தேடலாம்.

தாட்சாயணி 1912-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி, கொச்சிக் காயலில் கிடக்கும் முளவுகாடு தீவில் பிறந்தார். எறணாகுளம் மகாராஜா கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று 1935-இல் பட்டம் பெற்றார். இந்தியாவில் தாழ்த்தப்பட்ட சமூகத்தினின்று பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவர். ஆசிரியையாகப் பத்தாண்டுகள் பணியாற்றிய பின் 1945-இல் கொச்சி சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். மறு ஆண்டு சென்னைச் சட்டசபையின் அங்கத்தினர்கள் அவரை அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பினர். அந்தச் சபையில் இடம்பெற்ற 15 பெண்மணிகளில் தாழ்த்தப்பட்ட சமூகத்தவர் அவர் ஒருவரே. அப்போது அவருக்கு வயது 34.

அவருடைய பேச்சுக்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம். 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் தேதி கொச்சி சட்டசபையில் நிகழ்த்திய முதற்பேச்சில், தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றத்துக்கு ஒதுக்கும் தொகை குறைந்துகொண்டே வருவதைச் சுட்டினார். தீண்டாமை நீங்காதவரை 'ஹரிஜன்' என்னும் பெயரால் பயனில்லை. அது நாய்க்கு நெப்போலியன் எனப் பெயரிடுவதற்கு ஒப்பாகும் என்றார். காந்தியடிகளிடம் பெரும்பற்றுக் கொண்டவர், அடிகள் வழங்கிய பெயரையே இவ்வாறு எடைபோட்டார்.

1946-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் தேதி டில்லியில், ஜவாஹர்லால் நேரு கொணர்ந்த இலட்சியத் தீர்மானத்தை ஆதரித்தார். அரசியல் சட்டம் மட்டுமன்று, மக்களுக்குப் புதியதொரு வாழ்க்கை முறையையே இச்சபை அமைத்துத் தர வேண்டும் என்றார். ஏழு கோடி மக்களைச் சிறுபான்மையினர் என்று எண்ண மறுத்தார். காகிதத்தில் எழுதும் பாதுகாப்பைக் காட்டிலும், சமூக இடர்கள் உடனே நீங்குவதே தேவை என்றார்.

1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி, ஒதுக்கப்பட்ட தொகுதியில் வெற்றி பெறுவோர் தம் சமூகத்தாரின் வாக்குகளில் நூற்றுக்கு 35 பங்கேனும் பெற வேண்டும் என்னும் திருத்தம் வந்தது. கொணர்ந்தவர் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த எஸ். நாகப்பா. தாட்சாயணி அதனை எதிர்த்தார். பொருளாதாரத்தில் பிறருக்கு அடிமையாயிருக்கும் மக்களுக்குத் தனித்தொகுதி, பொதுத்தொகுதி, விழுக்காடு என்னும் பேச்செல்லாம் பொருளற்றது என்பது அவர் வாதம்.

1948-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி நகல் சட்டத்தின்மீது பேசுகையில், அதிகாரம் மத்தியில் குவிவதையும், கவர்னர் பதவி 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயலில் தொடர்வதையும் குறை கூறினார். முடிவான சட்டத்தைப் பொதுத் தேர்தல் வாயிலாக மக்கள் ஏற்க வேண்டும் என்றும் கருதினார். அம்மாதம் 29-ஆம் தேதி தீண்டாமை ஒழிப்பு விதி வந்தபோது, சட்டத்தை அமலாக்குவதைக் காட்டிலும் மக்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதே முக்கியம் என்று எடுத்துரைத்தார்.

நான்கு ஆண்டுகள், இரண்டு சபைகள், ஐந்து பேச்சுக்கள். இவற்றைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஒரு கோடு தெளிவாகப் புலப்படும்: பெயராலும் ஏற்பாட்டாலும் மட்டும் விடுதலை வாராது, நிலமும் கூலியும் நடத்தையும் மாற வேண்டும் என்பது அது. தம் கட்சி விரும்பியதை ஆதரித்தபோதும், தம் சமூகத்தவர் கேட்டதை எதிர்த்தபோதும், அவர் நின்ற இடம் மாறவில்லை. ஒரு பேச்சைத் தனியே எடுத்தால் இது தெரியாது. பிரதிநிதியின் பேச்சைத் தொடர்ந்து கவனிப்பதன் பயன் இதுவே.

இனி அவருடைய மற்றொரு வாக்கைத் தேடுவோம். இங்கே நாம் இடறுகிறோம். இலட்சியத் தீர்மானம் 1947-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் தேதி அவையினர் எழுந்து நிற்க நிறைவேறிற்று. தீண்டாமை ஒழிப்பு விதி மகிழ்ச்சி ஆரவாரத்தோடு ஏற்கப்பட்டது. இரண்டிலும் பெயர்ப் பட்டியல் இல்லை. அச்சபையில் 2,473 திருத்தங்கள் முன்மொழியப்பட்டன; அவற்றுள் மிகப் பெரும்பாலானவை குரல் வாக்கினாலேயே முடிவாயின. 1949-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் தேதி, அரசியல் சட்ட முகவுரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச். வி. காமத் கேட்டபோது கைதூக்கி எண்ணினார்கள். ஆதரவு 41, எதிர்ப்பு 68 என்று எண்ணிக்கை நிற்கிறது. தூக்கிய கைகள் யாருடையவை என்பது நிற்கவில்லை.

பதிவு இல்லாத இடத்தில் கதை முளைக்கும். ஹிந்தி ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஆட்சிமொழியாயிற்று என்று நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். 1949-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி மொழி விதிகளை ஏற்ற அரசியல் நிர்ணய சபையின் நடவடிக்கைக் குறிப்பில் அத்தகைய கணக்கு இல்லை. 78-க்கு 77 என்னும் கணக்கை 1955-இல் தம் நூலொன்றில் எழுதியவர் டாக்டர் அம்பேத்கர். அவர் குறித்தது காங்கிரஸ் கட்சிக் கூட்டத்தில் நடந்ததை. கட்சிக் கூட்டத்துக்கு மக்கள் படிக்கும் பதிவேடு கிடையாது. ஆகவே தமிழரை இத்துணை ஆழமாகத் தொட்ட வாக்கெடுப்பில் யார் எப்பக்கம் நின்றார் என்பது வாய்மொழியாகவே உலவி வருகிறது.

பிற்காலத்தில் நிலைமை ஓரளவு திருந்தியது. லோக் சபையில் குரல் வாக்கின் முடிவை எந்த அங்கத்தினரும் மறுத்து, பெயர்வாரியான வாக்கெடுப்பைக் கோரலாம். 1957-இல் அங்கு வாக்குப்பதிவு இயந்திரம் அமைந்தது. அத்தகைய வாக்கெடுப்பில் யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பது பெயரோடு அச்சாகும். அரசியல் சட்டத் திருத்தங்களுக்கு மூன்றில் இரு பங்கு ஆதரவு தேவையாதலால், அவற்றுக்கு இம்முறை கட்டாயமாகிறது. ஆனால் வாக்கெடுப்பு தேவையின்றிக் கோரப்பட்டது என்று சபாநாயகர் கருதினால், அங்கத்தினர்களை இடத்திலேயே எழுந்து நிற்கச் சொல்லி எண்ணிவிடலாம். அப்போது பெயர்கள் குறிக்கப்படா. சாதாரண மசோதாக்களோ இன்றும் பெரும்பாலும் குரல் வாக்கினால் நிறைவேறுகின்றன. மேலும், 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பின், கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்பவர் பதவியை இழக்கக்கூடும். அதனால் இன்றைய வாக்குப் பட்டியல், அங்கத்தினரின் மனத்தைவிடக் கட்சியின் முடிவையே அதிகம் காட்டுகிறது.

சபையில் நடப்பதை வெளியே சொல்லும் உரிமையும் எளிதில் வந்ததன்று. ஃபெரோஸ் காந்தி கொணர்ந்த மசோதாவின் பயனாக, பார்லிமெண்டு நடவடிக்கைகளை உண்மையாக வெளியிடும் பத்திரிகைகளுக்கும் வானொலிக்கும் 1956-இல் சட்டப் பாதுகாப்புக் கிட்டியது. நெருக்கடி நிலையின்போது அச்சட்டம் நீக்கப்பட்டது. 1977-இல் மீண்டும் இயற்றப்பட்டது. 1978-இன் 44-ஆவது திருத்தம் அதனை அரசியல் சட்டத்திலேயே சேர்த்தது. மக்கள் அறியக் கூடாது என்று எண்ணும் காலத்தில் முதலில் மூடப்படும் கதவு எது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இங்கு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறோம். தாட்சாயணி ஆங்கிலத்தில் பேசியதால் அவர் சொற்கள் பேசியபடியே நமக்குக் கிடைக்கின்றன. ஹிந்துஸ்தானியில் பேசியவர்களின் உரைகள் ஆங்கிலப் பதிப்பில் மொழிபெயர்ப்பாகவே உள்ளன. இன்று அரசியல் சட்டத்தின் 120-ஆவது விதி, ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ தம் கருத்தை நன்கு வெளியிட இயலாத அங்கத்தினர் சபாநாயகரின் அனுமதியோடு தாய்மொழியில் பேச இடமளிக்கிறது. ஆனால் அப்பேச்சு பிற மொழியினரை அடைவது மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான். ஆகவே ஓர் அங்கத்தினரின் பேச்சைப் படிக்கும்போது, அவர் எம்மொழியில் பேசினார் என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தனைக்கும் பின் வாக்காளர் செய்யக்கூடியது யாது? முதலாவது, ஒரு பேச்சைக் கொண்டு முடிவு கட்டாமல் ஆண்டுக்கணக்கில் சேர்த்துப் படித்தல். இரண்டாவது, அவர் கேட்ட கேள்விகளைப் பார்த்தல். கொறடா ஆணை வாக்கைக் கட்டுப்படுத்துமேயன்றி, எதைக் கேட்பது என்னும் தேர்வு பெரும்பாலும் அங்கத்தினருடையதே. மூன்றாவது, பெயர்வாரியாகப் பதிவான வாக்குகளில் அவர் இருந்தாரா, விலகினாரா, வரவே இல்லையா என்று நோக்குதல். நான்காவது, சொன்ன வாக்கையும் அளித்த வாக்கையும் அருகருகே வைத்தல். இவற்றுக்கான ஏடுகள் முன்னாளில் பெரிய நூலகங்களில் மட்டுமே கிடைத்தன. இப்போது பார்லிமெண்டின் மின்னணு நூலகத்தில் எவரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

மட்டாஞ்சேரி வாக்காளர் இன்று எறணாகுளம் லோக் சபைத் தொகுதியில் வாக்களிக்கிறார். அங்கு வாழும் தமிழருக்கும் அத்தொகுதியின் அங்கத்தினரே பிரதிநிதி. அவர் மலையாளத்தில் பேசினாலும், பேசுவது நம் பெயராலும்தான். நிலத்தில் கூடவும் இடமின்றி வள்ளத்தில் கூடியவர்களின் வீட்டுப் பெண்மணி டில்லியில் பேசிய பேச்சு, எழுபது ஆண்டுகளுக்குமேல் ஆகியும் சொல் குறையாமல் நம் கைக்கு எட்டுகிறது. அவர் அளித்த வாக்குகளோ பலர் குரலோடு கலந்து மறைந்தன. இனி வருவோர் நம் பிரதிநிதிகளைத் தேடும்போது இரண்டும் கிடைக்க வேண்டுமானால், பெயர் குறித்த வாக்கெடுப்பை வேண்டும்படி நாம் அவர்களைக் கேட்க வேண்டும். கேட்பவர் இருந்தால்தான் குறிப்பவர் இருப்பார்.