ஆவியாகும் நீரை அளந்த வரலாறு

லயத்து வீட்டின் பின்புறமுள்ள கீரைப் பாத்திக்கு நாளொன்றுக்கு எவ்வளவு நீர் வேண்டும்? மழை பொய்த்து, குழாய் நீரும் குறையும் நாட்களில் இது வீண் கேள்வியன்று. இதற்கு விடை தேடியோரின் வரலாற்றை இன்று காண்போம்.

1687-இல் இங்கிலாந்து அறிஞர் எட்மண்ட் ஹாலி, தட்டில் உப்பு நீரை ஊற்றி இளஞ்சூடாக்கி, அதன் எடை குறைவதைத் தராசில் கண்டார். கடல்நீர் எவ்வளவு ஆவியாகிறது என்பதை அதைக் கொண்டே கணக்கிட்டார். ஆனால், செடிகளும் இலைவழியே நீரை இழக்கின்றனவே! 1948-இல் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பென்மன், வெயில், வெப்பம், காற்று, ஈரப்பதம் நான்கையும் ஒரே கணக்கில் இணைத்தார். திறந்த நீர்ப்பரப்பு இழப்பதில் பத்தில் ஆறு முதல் எட்டுப் பங்கைப் புல்தரை இழக்கிறது என்றும் கண்டார்.

நம் நாட்டு வானிலை நிலையங்களில், நான்கடி அகலமுள்ள வட்டத் தொட்டியில் நீர் குறைவதை அளக்கிறார்கள். அங்கே 5 மில்லிமீட்டர் குறைந்தால், பத்தில் ஏழு பங்கு எனக் கொள்வோம்: சதுர மீட்டருக்கு 3.5 லிட்டர். பத்துச் சதுர மீட்டர் பாத்திக்கு 35 லிட்டர் போதும். மழை பெய்தால் அதைக் கழித்துக்கொள்வோம்.

மலைநாட்டு அளவு கடலோரத்துக்குப் பொருந்தாது. ஆகவே, அருகிலுள்ள நிலையத்தின் அளவையே கேட்டறிவோம். நீரும் மிஞ்சும், சுமக்கும் தோளும் இளைப்பாறும்.