ஆணை: கொடுப்பவர் யார்?

ஈழத்தமிழர் அரசியலில் ‘ஆணை’ என்ற சொல் சுமந்த பாரத்தை நாம் இன்னும் நிறுத்துப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தின் ‘கொமாண்ட்’, ‘மண்டேற்’ இரண்டும் ஒரே இலத்தீன் வேரில் பிறந்தவை. அவ்வேருக்குக் ‘கையிற் கொடுத்தல்’ என்று பொருள் கூறுவர். பின்னர் அவை பிரிந்தன. முன்னது மேலிருந்து கீழே வரும் கட்டளை. பின்னது, தேர்தல் அரசியலில், கீழிருந்து மேலே செல்லும் ஒப்படைப்பு. தமிழில் இரண்டும் ஆணைதான். போதாததற்குச் சத்தியமும் ஆணையே.

1976 இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம். 1977 யூலைத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி தமிழீழத்துக்குக் கேட்டது ‘மண்டேற்’. பெற்றது 18 ஆசனங்கள். மேடைத் தமிழில் அது ‘மக்கள் ஆணை’ ஆயிற்று. மொழிபெயர்ப்பிற் பிழையில்லை. ஆயினும் எவ்வளவு காலத்துக்கு, யாருக்கு, கணக்குக் கேட்பது எப்படி என்ற கேள்விகள் அச்சொல்லின் கம்பீரத்துள் அமிழ்ந்துபோயின. கொழும்பு மட்டும் யோக்கியமா? 1977 பாராளுமன்றத்தையே 1982 சர்வசன வாக்கெடுப்பால் ஜே. ஆர். மேலும் ஆறாண்டு நீட்டினார். 1983 இல் ஆறாந் திருத்தம் பிரிவினைக்கெதிராகச் சத்தியம் கேட்டது. மறுத்த கூட்டணியினர் ஆசனங்களை இழந்தனர். மக்களின் ஆணையை அரசின் ஆணை விழுங்கிற்று.

எமது பக்கத்தில் நடந்ததே எனக்கு அதிகம் உறுத்துகிறது. வாக்கே கேளாத இயக்கங்கள் 1977 இன் ஆணைக்கு உரிமை கோரின. அதைக் கொடுத்த மக்களுக்கே ஆணையிட்டன.

நான் வாழும் சன்னிவேல் அடங்கிய கலிபோர்னியாவில் 1911 முதல் வாக்காளர் கொடுத்ததை இடையிற் பறிக்கலாம். 2003 இல் ஆளுநர் கிரே டேவிஸ் அப்படித்தான் போனார். ‘ஆணையை மீளப்பெறுகிறோம்’ என்று எமது மேடைகளில் மக்கள் பெயரால் யாரும் பேசி நான் கேட்டதில்லை.